மரால் எழுதிய வரிசை

மராலுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று அவளோடு வேலை பார்ப்பவர்கள் எல்லாரும் சொல்வார்கள். பொய் இல்லை. ஆனால் அவள் வேலையை ஒரு வாரம் பார்த்துவிட்டுச் சிரித்த முகத்தோடு வெளியே வருகிற ஆள் ஒருவரைக் காட்டுங்கள், பிறகு பேசலாம். புதிதாகப் புரோகிராம் எழுதுகிறவனுக்குக் கைதட்டல் உண்டு, கேக் உண்டு. ஓடிக்கொண்டிருக்கிற புரோகிராம் நடுவழியில் படுத்துக்கொண்டால் அது ஏன் படுத்தது என்று தோண்டித் துருவிக் கண்டுபிடிக்கிறவளுக்கு என்ன உண்டு? திட்டுத்தான் உண்டு. சரியாகிவிட்டதா, அவள் ஒருத்தி இருப்பதே யாருக்கும் ஞாபகம் இருக்காது.

தல்திகோர்கான் என்ற ஊரில் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சராக இருந்தவள். வேலை தேடிக் கரகந்தாவுக்குப் போன புருஷன் போனவன் போனவன்தான். மகளை இழுத்துக்கொண்டு பெரிய நகரமான அல்மாட்டிக்கு வந்தாள். பகலெல்லாம் டியூஷன், சாயங்காலம் ஜாவா வகுப்பு. கூடப் படித்த பொடியன்கள் அவளையும் டீச்சர் என்றே கூப்பிட்டார்கள், இவளும் விடாமல் அவர்கள் புரோகிராமில் சிவப்பு மை அடிக்காத குறையாகத் தப்புக் கண்டுபிடித்தாள். அந்தப் புத்திதான் அவளுக்குச் சோறு போடுகிறது. இப்போது வயது நாற்பத்தைந்து, மகள் அஸ்தானாவில் படிக்கிறாள், மரால் இங்கே தோலே பி என்கிற தெருவில் ஒரு கம்பெனியின் மூன்றாம் மாடியில் ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்திருக்கிறாள்.

அந்தக் கம்பெனியின் பிழைப்பு என்னவென்றால், விமானத்தில் வருகிற மருந்து, பூ, விதை இதற்கெல்லாம் ஓர் அரசாங்க அலுவலகம் அனுமதி கொடுக்கும். பெட்டியை வெளியே விட வேண்டியது சுங்கக்காரர்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு பாலம் மாதிரி இவர்களுடைய ஜாவா சேவை. அனுமதியை வாங்கி, மின் முத்திரை வைத்து, எத்தனை மணிக்கு அனுப்பியது என்று குறித்து, சுங்கத்துக்குத் தள்ளிவிடும். அந்தச் செய்தி போய்ச் சேர்ந்தால்தான் பெட்டி நகரும். காகிதத்தைக் கொண்டுபோய் நீட்டினால் சுங்கத்தில் கையால்கூடத் தொட மாட்டார்கள். காகிதத்தை ஒழித்துவிட்டோம் என்று ரிப்பன் வெட்டி, போட்டோ எல்லாம் எடுத்தாயிற்றே.

அந்தச் சேவைக்குள் வரிசை என்று ஒரு பகுதி உண்டு. வந்த அனுமதிகளை வந்த ஒழுங்கில் ஒவ்வொன்றாக அனுப்புவது. அது முழுக்க மரால் எழுதியது. எழுதும்போதே அவள் ஒன்றைத் தீர்மானித்துக்கொண்டாள்: யார் வந்து கேட்டாலும் ஒருத்தரையும் முன்னால் தூக்கிவிட முடியாதபடி இருக்க வேண்டும். அதற்குக் காரணம் அவள் தம்பி. இதயத்தில் ஓட்டையோடு பிறந்தவன். ஆபரேஷனுக்குப் பெயர் கொடுத்துக் காத்திருந்தான். வரிசையில் அவன் பெயர் ஏறிக்கொண்டே வந்தது, பிறகு ஓரிடத்தில் நின்றுவிட்டது. பின்னால் இருந்தவர்கள் தாண்டிப் போனார்கள். ஒருத்தனுக்குத் துணை இயக்குநர் தெரிந்தவர், இன்னொருத்திக்கு டாக்டரின் மாமியார் பழக்கம். இவர்களுக்கு யாரையும் தெரியாது. தன் முறை வரும்வரை தம்பி இருக்கவில்லை.

எங்கள் ஊரில் யாரையாவது தெரிந்திருக்காமல் ஒரு காரியம் நடக்காது என்பது பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். கூடப் படித்தவன், கூடப் படித்தவனின் மச்சான், ராணுவத்தில் கூட இருந்தவன் என்று ஒரு சங்கிலியைப் பிடித்துக்கொண்டுதான் எல்லாரும் ஏறுகிறோம். பூ வியாபாரிகள் சாக்லேட் பெட்டியோடு வந்து மராலிடம் குழைந்து பார்த்தார்கள். “என்கிட்ட எதுக்குக் கேக்கறீங்க? மெஷின்கிட்டக் கேளுங்க” என்று சாக்லேட்டைத் திருப்பிக் கொடுத்தாள். முதலாளி அஸ்கத் அவளைவிடப் பத்து வயது சின்னவன், அக்கா அக்கா என்பான். அவசரத்துக்கு ஒன்றை முன்னால் தள்ள ஒரு பொத்தான் மட்டும் வைத்துத் தரச்சொல்லி ஒருமுறை கெஞ்சினான். பொத்தான் வேண்டுமென்றால் அதை எழுத வேறு ஆளைப் பார்த்துக்கொள், நான் தல்திகோர்கானுக்கே போய்ப் பிள்ளைகளுக்குப் பெருக்கல் சொல்லித் தருகிறேன் என்று அடையாள அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அஸ்கத் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இதெல்லாம் ஒழுங்காய்த்தான் போய்க்கொண்டிருந்தது. அந்த வருஷம் நாடு முழுக்க ஒரே நேரம் என்று உத்தரவு வந்தது. மார்ச் முதல் தேதியிலிருந்து அல்மாட்டிக்காரர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ள வேண்டும். எங்கள் சாயங்காலத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்று ஊரே கரித்துக் கொட்டியது. கரித்துக் கொட்டிக்கொண்டே எல்லாரும் தள்ளினோம்.

முதல் தேதி காலையில் மரால் சேற்றுப் பனியை மிதித்துக்கொண்டு அலுவலகத்துக்குள் நுழையும்போதே எல்லா போனும் அடித்துக்கொண்டிருந்தது. ராத்திரியிலிருந்து ஓர் அனுமதிகூடச் சுங்கத்துக்குப் போகவில்லை. அனுப்பிய ஒவ்வொன்றும் போன வேகத்தில் திரும்பி வந்து வரிசையில் குவிந்து கிடந்தது. மகளிர் தினத்துக்கு ஒரு வாரம்தான் பாக்கி, வெளிநாட்டு டுலிப் பூ விமானம் விமானமாய் இறங்குகிற சமயம். வியாபாரிகள் அஸ்கத்தின் காதைப் பிய்த்து எடுத்தார்கள். அவன் வெளிறிப்போய் மராலின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றான். நின்றால் அவளுக்குப் பிடிக்காது என்று தெரிந்தும் நின்றான்.

திரும்பி வந்த செய்திகள் எல்லாவற்றிலும் சுங்கத்துச் சர்வர் ஒரே காரணத்தைச் சொல்லியிருந்தது: செய்தி பழையது, காலம் கடந்துவிட்டது. இந்த மாதிரிச் செய்தி கிளம்பிச் சில நிமிஷத்துக்குள் போய்ச் சேர்ந்தாக வேண்டும். பழையதை எவனாவது பிடித்து வைத்துத் திரும்ப அனுப்பி ஏமாற்றக் கூடாது என்பதற்காக அப்படி ஒரு கட்டுப்பாடு. மராலுக்கு உடனே கடிகாரத்தின் மேல்தான் சந்தேகம் வந்தது. ராத்திரிதானே ஊர் முழுக்கக் கடிகாரத்தைத் திருகியது. தங்கள் சர்வரில் மணி பார்த்தாள். கைபேசியில் பார்த்தாள். சுவரில் பார்த்தாள். சுங்கத்துக் கணினிப் பிரிவில் இருந்த பையனைக் கூப்பிட்டு அங்கே என்ன மணி என்று கேட்டாள். எல்லாம் ஒன்றுபோல் ஒத்துப்போயின. அப்படியானால் கடிகாரம் இல்லை என்று அதை ஒதுக்கிவைத்தாள். அந்த ஒதுக்கல்தான் அன்றைக்குப் பாதி நாளைத் தின்றது.

முத்திரைச் சாவி காலாவதியாகியிருக்குமோ என்று பார்த்தாள், இலையுதிர் காலம் வரை செல்லும். போன வாரம் தான் ஏற்றிய புதுப் பதிப்பில் ஏதாவது கோளாறோ என்று சந்தேகம் வந்தது. அதைக் கழற்றிப் பழைய பதிப்பை மாட்டினாள். பழையதும் திரும்பி வந்தது. வழியில் எங்கேயாவது செய்தி மாட்டிக்கொண்டு தாமதமாகிறதோ என்று அளந்து பார்த்தாள், கண் இமைக்கும் நேரத்தில் போய்ச் சேருகிறது. இங்கே இந்த நிமிஷம் கிளம்பி அந்த நிமிஷமே அங்கே போய்ச் சேருகிற ஒன்றை எப்படியப்பா பழையது என்கிறான்?

அப்போதுதான் அவள் சொந்தக் கைபேசி அடித்தது. தெரியாத எண். எடுத்து எரிந்து விழப்போனவளைத் தடுத்தது அந்தக் குரலின் நிதானம். பெயர் கென்ஜெபெக், தல்காருக்கு மினிபஸ் ஓட்டுகிறவர். அவளுடைய அக்கா புருஷனின் பள்ளித் தோழர், அவர் மூலம்தான் எண் கிடைத்ததாம், மன்னித்துக்கொள்ள வேண்டுமாம். மகள் இங்காருக்கு ஏழு வயது. உடம்பில் ஏதோ ஒரு சத்து சுரக்காத வியாதி. அதற்கான ஊசி மருந்து வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், வந்துவிட்டது. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கிடங்கில் இருக்கிறது. அவரும் விடிந்ததிலிருந்து அங்கேதான் நிற்கிறார்.

“குளிர் அறைல வைக்கச் சொன்னேன் தங்கச்சி. பூவாலயே நிரம்பிக் கிடக்கு, இடமில்லன்னுட்டாங்க. பெட்டி வெளிய நடைபாதைல இருக்கு. உள்ள ஐஸ் போட்டிருக்காங்க. பொழுது சாயற வரைக்கும் தாங்கும்னு டாக்டர் சொன்னார். அதுக்கப்புறம் அது மருந்து இல்ல, தண்ணிதான். நான் உங்களத் தொந்தரவு பண்ணல. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, ஆகுமா ஆகாதா?”

மராலுக்குக் கத்துகிறவர்களைச் சமாளிக்கத் தெரியும். இப்படி அடங்கின குரலில் கேட்டால் என்ன செய்வது? பார்க்கிறேன் அண்ணே என்று சொல்லிவிட்டு போனை வைத்தாள். ஜன்னலுக்கு வெளியே வெயில் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது. புது நேரப்படி பொழுதும் சீக்கிரமே சாய்ந்துவிடும்.

மார்ச் முதல் தேதி எங்களுக்கு நன்றி சொல்லும் நாளும்கூட. அலுவலகத்தில் நீளமேஜை போட்டு, பவுர்சாக் என்கிற பொரித்த மாவு உருண்டையும் குதிரை இறைச்சியும் வைத்து, ஒவ்வொருவராக எழுந்து மற்றவருக்கு நன்றி சொல்வது வழக்கம். பாதிப்பேர் தலைபோகிற அவசரத்தில் ஓடிக்கொண்டிருக்க, கணக்குப் பிரிவுக்காரர்கள் மட்டும் எழுந்து எழுந்து நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருத்தி பால் தேநீரைக் கொண்டுவந்து மராலின் பக்கத்தில் வைத்து, உங்களுக்கும் நன்றி டீச்சர் என்றாள். மரால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதுவரை அவள் செய்தியைச் சுற்றித்தான் பார்த்திருந்தாள், செய்தியைப் பிரித்துப் பார்க்கவில்லை. முத்திரையிட்டுக் கிளம்பிய ஒன்றை அப்படியே எடுத்து வரி வரியாகப் படித்தாள். அனுப்பிய நேரம் என்று ஒரு வரி. அதில் உள்ளூர் நேரம் இருக்காது, எல்லா நாட்டுக்கும் பொதுவான கிரீன்விச் நேரம்தான் இருக்கும். கணக்கு டீச்சர் அல்லவா, வாய்க்குள்ளேயே கழித்தாள். புது உத்தரவுப்படி அல்மாட்டி நேரத்திலிருந்து ஐந்தைக் கழிக்க வேண்டும். செய்தியில் ஆறு கழிந்திருந்தது.

நாற்காலி பின்னால் உருண்டு சுவரில் மோதும்படி எழுந்தாள். இது பழைய கணக்கு. எந்த ஊர் கிரீன்விச்சைவிட எத்தனை மணி முன்னால் என்று சர்வருக்குள் வைத்திருக்கும் நேர அட்டவணை இன்னும் நேற்றைய அல்மாட்டியிலேயே இருக்கிறது. செய்தி பிறக்கும்போதே ஒரு மணி நேரம் வயதாகிப் பிறக்கிறது. அது புரிந்துவிட்டது. ஆனால் அட்டவணை பழையதாக இருந்தால் சர்வர் காட்டுகிற மணி ஒரு மணி நேரம் கூடுதலாக இருக்க வேண்டுமே. சரியாக அல்லவா காட்டுகிறது? தானாகச் சரியாக முடியாது. யாரோ கையை வைத்திருக்கிறார்கள்.

சர்வர்களைப் பார்த்துக்கொள்வது விதாலி. ஐம்பதைத் தாண்டிய ரஷ்யக்காரர். மராலை இந்த வேலைக்குச் சேர்த்துவிட்டதே அவர்தான். கீழ்த்தளத்தில் சர்வர் அறைக்கு வெளியே உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார். மரால் கேட்ட கேள்வி ஒன்றுதான், நேற்று ராத்திரி பாலத்துச் சர்வரில் என்ன செய்தீர்கள்.

“என்ன செய்வாங்க, எல்லாரும் செஞ்சதத்தான் செஞ்சேன். மணியப் பின்னாடி தள்ளினேன்” என்றார். “அட்டவணைய மாத்தச் சொல்லி போன மாசமே கடுதாசி வந்துச்சு. அது கிழட்டு சர்வர்ம்மா, தொட்டா அப்படியே உக்காந்துடும். அதான் கையாலயே தள்ளிட்டேன். சனியன், தள்ளத் தள்ளத் தானா முன்னாடி குதிச்சுது. நேரத்த வெளிய இருந்து வாங்கிச் சரி பண்ணிக்கிற ஒண்ணு உள்ள ஓடுதுல்ல? அத நிறுத்திட்டேன். அப்புறம் பேசாம இருந்துச்சு.”

அவர் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது. இருபது வருஷத்துக்கு முன்னால்வரை வருஷத்துக்கு இரண்டு முறை கடிகாரத்தைத் தள்ளிப் பழகிய கை. முகத்துக்குச் சரியான மணியைக் காட்டினால் போதும் என்பது அந்தக் கைக்குத் தெரிந்த பாடம். உள்ளே உலகத்து நேரம் ஒன்று ஓடுகிறது, அதையும் சேர்த்துத் தள்ளிவிட்டோம் என்பது அதற்குத் தெரியாது. வேறொரு நாளாக இருந்திருந்தால் மரால் அவரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். அன்று அதற்குக்கூட நேரமில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். விதாலி விதையைக் கீழே போட்டார். முகம் செத்துப்போயிற்று. எழுந்து அறைக்குள் போனார்.

அட்டவணையை மாற்றி, நிறுத்திய கடிகாரத்தைத் திரும்ப ஓடவிட்டு, சேவையை எழுப்பினார்கள். கிழட்டு சர்வர் உட்கார்ந்துவிடும் என்று விதாலி பயந்தது நடக்கவில்லை. முதல் செய்தி போயிற்று. திரும்பவில்லை. இரண்டாவதும் போயிற்று. அஸ்கத் முதல் முறையாக உட்கார்ந்து ஒரு பவுர்சாக்கை வாயில் போட்டுக்கொண்டான். நீளமேஜையில் நன்றி சொல்லிக்கொண்டிருந்தவர்கள் கைதட்டினார்கள்.

மரால் கைதட்டவில்லை. அவள் வரிசையைப் பார்த்தாள். ராத்திரியிலிருந்து குவிந்தவை நூற்றுக்கணக்கில் நின்றன. சுங்கம் ஒன்றை வாங்கிச் சரிபார்த்துவிட்டுத்தான் அடுத்ததைக் கேட்கும். ஒவ்வொன்றுக்கும் ஓரிரு நிமிஷமாவது ஆகும். கென்ஜெபெக்கின் அனுமதி எங்கே என்று தேடினாள். பூ, பூ, பூ, நடுவில் விதை, திரும்பப் பூ. எல்லாவற்றுக்கும் பின்னால் எங்கோ கிடந்தது. அதன் முறை வரும்போது ஊரே சாப்பிட்டுத் தூங்கப் போயிருக்கும்.

கென்ஜெபெக் திரும்ப அழைத்தார். இந்த முறை அவர் எதுவும் கேட்கவில்லை. ஐஸ் கட்டியைத் தொட்டுப் பார்க்க விட்டார்கள், ஓரம் உருகியிருக்கிறது என்று மட்டும் சொன்னார். பின்னால் யாரோ பூப்பெட்டிகளைத் தள்ளுவண்டியில் உருட்டிப்போகிற சத்தம் கேட்டது. மராலுக்குத் தம்பியின் நினைப்பு வந்தது. தம்பியைத் தாண்டிப் போனவர்களின் நினைப்பும் வந்தது. அவர்கள் வீட்டிலும் இப்படித்தான் ஒரு அப்பன் போனைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பான் என்பது அவளுக்கு அதுவரை தோன்றியதே இல்லை. அதை நினைக்க அவளுக்கு வெறுப்பாக இருந்தது.

அஸ்கத்திடம் போய், ஒன்றை மட்டும் முன்னால் எடுக்க வேண்டும் என்றாள். அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

“பொத்தான்தான் இல்லையே அக்கா” என்றான். குத்தலாகத்தான் சொன்னான், உடனே அதற்கு வருத்தப்படவும் செய்தான். “நீங்க பூட்டின கதவு. திறக்க உங்களுக்குத்தான் தெரியும். திறங்க. யாராவது கேட்டா நான் திறக்கச் சொன்னேன்னு சொல்லிக்கறேன்.”

கதவு என்று ஒன்று இல்லாததால் சுவரைத்தான் இடிக்க வேண்டியிருந்தது. சேவையின் தரவுக்குள்ளேயே நேராகப் போய், அந்த அனுமதி வந்து சேர்ந்த நேரத்தைக் கையால் அழித்து, எல்லாருக்கும் முந்தி வந்ததாகப் பொய் நேரம் ஒன்றை எழுதினாள். விதாலி ராத்திரி செய்ததற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை, அவர் தெரியாமல் செய்தார், இவள் தெரிந்தே செய்கிறாள். அடுத்த செய்தியாக அது போயிற்று. சற்று நேரத்தில் கென்ஜெபெக் அழைத்தார். பெட்டி கையில் இருக்கிறதாம், ஐஸ் இன்னும் இருக்கிறதாம், வண்டியை எடுத்துவிட்டாராம். அவ்வளவு நேரம் நிதானமாக இருந்த மனிதர் அப்போதுதான் உடைந்தார். அழுதுகொண்டே, நீங்கள் நல்லா இருக்கணும் தங்கச்சி, உங்கள் பிள்ளை நல்லா இருக்கணும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மராலுக்கும் கண் நிறைந்துவிட்டது. பத்து வருஷ வேலையில் ஒருத்தர் அவளுக்கு நன்றி சொல்லி அவள் அழுதது அன்றுதான்.

ஆறிப்போன தேநீரைக் குடித்தாள். மலை உச்சியில் வெயில் மஞ்சளாகியிருந்தது. அன்றைக்கு என்ன கோளாறு, ஏன், எப்படிச் சரிசெய்தது என்று எழுதிவைப்பது அவள் வழக்கம். எத்தனை அனுமதிகள் தாமதமாயின என்று எழுதுவதற்காக வரிசையை மேலிருந்து கீழே உருட்டிக்கொண்டே வந்தாள். பூ. பூ. உதிரி பாகம். பூ. பிறகு அவள் விரல் நின்றது.

அதே மருந்தின் பெயர். வேறு ஆள். ஜெய்னெப், ஊர் ஜார்கெந்த். நோயாளி: மகன்.

கென்ஜெபெக்கின் அனுமதிக்கு முன்னாலேயே வந்தது. அவரைத் தூக்கி முன்னால் வைக்கும்போது இதைத் தாண்டித்தான் வைத்திருக்கிறாள். கென்ஜெபெக் என்ற பெயரைத் தேடிப் பிடித்து எடுத்தவள், மருந்து என்று தேடிப் பார்த்திருந்தால் இரண்டும் சேர்ந்தே வந்திருக்கும். இரண்டையும் சேர்த்தே தூக்கியிருக்கலாம். ஒருத்தர் போன் செய்தார், அவரைத் தேடினாள். இன்னொருத்தி போன் செய்யவில்லை.

சுவரில் போட்ட ஓட்டைதான் இருக்கிறதே. அதையும் முன்னால் தள்ளினாள், போயிற்று. கிடங்கில் இருந்த சுங்க அதிகாரி குல்பஹ்ராமைக் கூப்பிட்டாள். குல்பஹ்ராம் உய்குர் இனத்துப் பெண், வாய்க்கு வாய் சண்டை போடுகிறவள், அன்று அவளும் களைத்திருந்தாள். ஜெய்னெப் என்று யாராவது அங்கே நிற்கிறார்களா என்று மரால் கேட்டாள்.

“நிக்கலக்கா, உக்காந்திருந்துச்சு. காலைலேருந்து அந்த ஓரத்து பெஞ்சுல. ஒரு வார்த்த கேக்கல யாரையும். இப்பத்தான் உங்க செய்தி வந்துது, கையெழுத்து வாங்கிப் பெட்டியக் கொடுத்தேன். எடுத்துட்டு பஸ்ஸுக்குப் போயிடுச்சு.” குல்பஹ்ராம் தானாகவே இன்னொன்றும் சொன்னாள். “பெட்டி ரூமச் சூடாக்கற ரேடியேட்டர் பக்கமா இருந்துதுக்கா. நான் பாக்கல. தூக்கும்போது உள்ள தண்ணி சத்தம் கேட்டுது.”

அனுமதிப் பத்திரத்தில் போன் எண் இருந்தது. காலையிலிருந்தே இருந்தது. மரால் தன் கைபேசியில் அதை அழுத்தினாள். பஸ் நிலையத்து இரைச்சலுக்கு நடுவில் ஒரு மெல்லிய குரல் எடுத்தது. மரால் தான் யார் என்று சொன்னாள். அலுவலகத்திலிருந்து தனக்கு போன் வந்ததில் ஜெய்னெப் பதறிப்போனாள், ஏதாவது கையெழுத்து விட்டுப்போயிற்றா, திரும்பி வரவேண்டுமா என்று கேட்டாள். அதெல்லாம் இல்லை, பெட்டியின் மேல் வெப்பம் காட்டுகிற புள்ளி ஒன்று இருக்கும், அது என்ன நிறத்தில் இருக்கிறது பாரும்மா என்றாள் மரால்.

“சிவப்பா இருக்குக்கா. அது நல்லதுக்கா கெட்டதுக்கா?”

மரால் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். அந்த ஊசியைப் பையனுக்குப் போட்டுவிடாதே, அது வீணாகிவிட்டது. கெட்டுப்போனது எங்களால் என்று எழுதி இன்றைக்கே அனுப்புகிறேன், அதை வைத்து மாற்று மருந்து கேட்கலாம், வர வாரக்கணக்கில் ஆகும், அதுவரை என்ன செய்வது என்று ஜார்கெந்த் டாக்டரிடம் நானே பேசுகிறேன். ஒரு மூச்சில் சொல்லி முடித்தாள். மறுமுனையில் பஸ்காரன் ஊர்ப் பெயரைக் கூவுவது கேட்டது. ஜெய்னெப் கேட்காததையும் மரால் சொல்லிவிட்டாள்.

“நீதான்மா முன்னாடி இருந்தே. இன்னொருத்தர் எனக்கு போன் பண்ணினார். உன்னத் தாண்டி அவர விட்டது நான்தான்.”

“அவங்களுக்கும் இதே வியாதியா?”

“ஆமா. பொண்ணு. ஏழு வயசு.”

“அதுக்கு மருந்து போய்ச் சேந்துடுச்சா?”

“சேந்துடுச்சு.”

ஜெய்னெப் கோபப்பட்டிருந்தால் மரால் நன்றியோடு வாங்கிக்கொண்டிருப்பாள். ஜெய்னெப் மூக்கை உறிஞ்சினாள். காலையிலேயே யாரிடமாவது கேட்டிருக்க வேண்டும், யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை, அல்மாட்டியில் எங்களுக்கு யாரையும் தெரியாது, முறை வரும் என்றுதான் உட்கார்ந்திருந்தேன் என்று தன்மேல் தப்பு இருப்பது மாதிரி சொல்லிக்கொண்டே போனாள். பிறகு பஸ் கிளம்பப்போகிறது என்றாள். வைத்துவிடுவாள் என்று மரால் நினைத்தாள். வைக்கவில்லை.

“அக்கா, இது உங்க சொந்த நம்பர்தானே?” என்றாள் தயங்கித் தயங்கி. “அடுத்த தடவ மருந்து வந்தா, நான் உங்களுக்கு ஒரு போன் பண்ணட்டுமா?”

மரால் வாழ்நாள் முழுக்க இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் சொல்லியிருக்கிறாள். மெஷின்கிட்டக் கேளுங்க என்ற அந்தப் பதில் நாக்கு நுனியில் வந்து நின்றது.

“பண்ணும்மா” என்றாள்.